கயிற்றை அறுத்தவர் யார் என்று அறிந்த மூவர்

அந்தப் புத்தகத்தின் முதல் பக்க ஓரத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கறை இருக்கிறது. பென்சிலால் எழுதியதை யாரோ ரப்பர் கொண்டு பொறுமையாகத் தேய்த்து அழித்த கறை. கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் தெருமுனையில் இருந்த வாடகை நூல்நிலையம் மூடப்பட்டபோது நான் கேட்டு வாங்கி வந்த ஒரே புத்தகம் இதுதான். இதை எடுக்கும்போதெல்லாம் என் நாத்தனாரின் நினைவு வரும். அவளுடைய ரயில் தோழியின் நினைவும் அழையாமலே கூட வரும்.

எண்பதுகளின் நடுவில் நான் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது நாத்தனார் கல்லூரியில் சேர்ந்திருந்தாள். நான் எட்டாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள். மிச்சத்தைக் கையில் கிடைத்த அச்சிலிருந்து நானே கற்றுக்கொண்டேன். எங்கள் இருவரையும் சேர்த்துவைத்தது, பள்ளி வயது அண்ணனும் தங்கையும் துப்பறியும் ஒரு கதைத் தொடர். விடுமுறை நாட்களின் பிற்பகலில் அவள் மொச்சை உரிப்பாள், நான் உரக்க வாசிப்பேன். வரியில் விரல் வைத்து மெதுவாக வாசிப்பதுதான் என் வழக்கம். "நீங்க இழுத்து இழுத்துப் படிச்சாதான் அண்ணி பயமா இருக்கு" என்பாள். அந்தச் சொல்லுக்காகவே இன்னும் இழுத்தேன். கடைசி அத்தியாயத்துக்கு முன் புத்தகத்தை மூடிவிட்டு, குற்றவாளி யாரென்று ஆளுக்கொரு பெயர் சொல்வோம். தோற்றவர் மாலைக் காப்பி போட வேண்டும்.

வாடகைப் புத்தகங்களுக்கென்று ஒரு சாபம் உண்டு. முன்னால் படித்த புண்ணியவான் எவராவது முதல் பக்கத்திலேயே "திருடன் சமையல்காரன்தான்" என்று எழுதி வைத்திருப்பார். ஒருமுறை அப்படி ஒன்றைப் பார்த்துவிட்டு அன்று முழுவதும் நான் யாரோடும் பேசவில்லை. நாத்தனார் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

அந்தத் தொடரில் ஒரு பாகம், பாழுங்கிணற்றில் இறங்கிய தங்கை மேலே வருவதற்குள் யாரோ கயிற்றை அறுத்துவிட்டதோடு முடிந்தது. அடுத்த பாகம் வரும்வரை எங்கள் சமையலறையில் வேறு பேச்சில்லை. பால்காரர்தான் என்றேன் நான். "டியூஷன் டீச்சர் அண்ணி, எழுதி வெச்சுக்கோங்க" என்றாள் அவள். அவளோடு இப்படி வாதாட உலகத்தில் எனக்கு மட்டுமே உரிமை உண்டு என்று எண்ணியிருந்தேன்.

அடுத்த பாகம் வந்தது. காலையில் ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில் நூல்நிலையத்தில் அதை வாங்கிய நாத்தனார், இரண்டு நாள் கழித்து ஒரு சனிக்கிழமை, தோழியோடு வீட்டுக்குக் கொண்டுவந்தாள். கல்லூரிக்குப் போகும் ரயிலில் குரோம்பேட்டையில் ஏறி நாத்தனார் பக்கத்தில் உட்காரும் பெண் அவள். நன்றாகப் படித்தவள், நல்ல நிறம், எதற்கும் கூச்சப்படாதவள். காப்பியை வாங்கிக்கொண்டே, "அந்தக் கிணத்து சீன் வரும் பாருங்க அண்ணி, சூப்பர்!" என்றாள். நாத்தனார் அவள் காலை மிதித்ததை நான் பார்த்தேன். பார்க்காதவள்போல் உள்ளே போனேன். பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. 'அண்ணி' என்று அழைக்க இவள் யார்?

அவர்கள் மொட்டைமாடிக்குப் போனதும் புத்தகத்தை எடுத்தேன். முதல் பக்கத்தில் அந்தக் கறை. இரண்டு பேரும் ரயிலில் உட்கார்ந்து என்னைப் பற்றி, என் விரல் வாசிப்பைப் பற்றி, ஏதோ எழுதிச் சிரித்துவிட்டு அழித்திருக்கிறார்கள் என்று முடிவுகட்டினேன். சமையலறை ஜன்னல் வெளிச்சத்தில் பக்கத்தைச் சாய்த்துப் பிடித்தேன். பென்சில் போயிருந்தது, அழுத்தி எழுதிய பள்ளம் போகவில்லை. 'கயிற்றை அறுத்தது டியூஷன் டீச்சர்' என்று தெளிவாகவே தெரிந்தது. என்னைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

மறுநாள் மொச்சையோடு உட்கார்ந்தபோது, "இதென்ன கறை?" என்று கேட்டேன்.

"வாங்கும்போதே எவனோ கிறுக்கியிருந்தான் அண்ணி. அவதான் ட்ரெயின்ல உக்காந்து அழிச்சா. 'உங்க அண்ணி பாத்தா மறுபடியும் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவாங்கடி'ன்னா."

என் கோபத்துக்கு உரியவள் எனக்கு நன்மை செய்திருக்கிறாள். அதனால் பொறாமை தணியும் என்று பெரியவர்கள் சொல்லக்கூடும். எனக்குத் தணியவில்லை, நிம்மதியாக வெறுக்கக்கூட வழியில்லாமல் போயிற்று.

ஒன்றும் அறியாதவளாக வாசித்தேன். அவளும் ஒன்றும் அறியாதவளாக வாய்பிளந்து கேட்டாள். கடைசி அத்தியாயத்துக்கு முன் புத்தகத்தை மூடி, "பால்காரர்தான்" என்றேன். அவள் சற்றே தயங்கி, "எனக்கும் இப்போ பால்காரர் மேலதான் டவுட் அண்ணி" என்றாள். என்னைத் தோற்கடிக்க மனமில்லாமல், தான் முதலிலேயே சரியாகக் கண்டுபிடித்ததை விட்டுக்கொடுத்தாள். இருவரும் தோற்றோம், இருவரும் சேர்ந்து காப்பி போட்டோம்.

நாத்தனார் இப்போது கேளம்பாக்கத்தில் இருக்கிறாள். பேரன் பேத்தி எடுத்தவள். அந்தத் தோழி இன்றும் மாதம் ஒருமுறை அவளைப் பார்க்க வருகிறாளாம். எனக்கும் தீபாவளிக்குப் போன் செய்து 'அண்ணி' என்றுதான் அழைக்கிறாள். நானும் அன்பாகவே பேசுகிறேன். இன்று இந்தக் கறையின் மேல் விரலை வைத்தால் பள்ளம்கூடத் தட்டுப்படவில்லை. ஆனால் ஒன்று மட்டும் தெரிகிறது. டீச்சர்தான் என்று அச்சிலும் கண்ட நொடியில் நாத்தனார் துள்ளிக் குதித்து, "நான் அப்பவே சொன்னேன்ல!" என்று கத்தியிருப்பாள். குரோம்பேட்டைக்கும் பல்லாவரத்துக்கும் இடையில் எங்கோ, ஓடும் ரயிலில், எனக்குச் சேர வேண்டிய அந்தக் கூச்சலை அந்தத் தோழி கேட்டுவிட்டாள்.