போர்ட் வாசிக்கத் தெரியாத மாமா

யூனியன்வில்லில் வாங்கிய புது வீட்டின் முன்னறையில் என் மகன் வீதித் தண்டவாளத்தில் ஓடும் ஸ்ட்ரீட்காரின் பழைய போர்ட் ஒன்றை மாட்டி வைத்திருக்கிறான். ஓர் இரும்புப் பெட்டி, முன்பக்கம் கண்ணாடி, உள்ளே விளக்கு. விளக்குக்கு முன்னால் இரண்டு உருளைகளில் சுற்றிய நீண்ட துணி. ரொறன்ரோவின் தண்டவாளங்களில் ஓடிய எல்லாப் பாதைகளின் பெயர்களும் கறுப்புத் துணியில் வெள்ளை எழுத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும். பக்கத்தில் உள்ள கைப்பிடியைச் சுற்றினால் துணி நகர்ந்து ஒரு பெயர் மேலே போக, அடுத்தது வெளிச்சத்துக்கு வரும். இப்போதைய வண்டிகளில் எழுத்துகள் மின்புள்ளிகளாகத் தோன்றி மறைகின்றன. பழைய பெட்டிகள் இப்படி வீடுகளுக்கு வந்துவிட்டன. என் மருமகளுக்கு அது பழைய இரும்பு. பேரனுக்கு விளையாட்டுச் சாமான்.

புது வீட்டுக் குடிபூரலுக்கு வந்தவர்கள் சாப்பிட்டு முடித்து அந்தப் பெட்டியைச் சுற்றி நின்றார்கள். என் தங்கைதான் தொடங்கினாள்.

"மாமா, உதை ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ பாப்பம்!"

எல்லோரும் சிரித்தார்கள். சோபாவில் இருந்த மாமாவும் சிரித்தார். அவருக்கு எண்பது வயது ஆகப்போகிறது. எங்கள் குடும்பத்தில் அவர் போர்ட் வாசிக்கத் தெரியாத மனிதர். நீண்ட பயணம் போகும்போது, "மாமாவை முன்னுக்கு இருத்தாதேங்கோ, மொன்றியலுக்குப் போயிடுவம்" என்பார்கள். மார்க்கம் நகரில் ஒரு கல்யாண மண்டபத்தில் அவர் ஆண்கள் கழிவறையைத் தேடியபோது, சின்னப் பெடியன் ஒருவனைத் துணைக்கு அனுப்பினார்கள். அந்தப் பகிடி எப்படி வந்தது என்ற கதையை எல்லோரும் சொல்வார்கள். நான் சொன்னதில்லை. அதைச் சரியாகச் சொல்லக்கூடிய ஒரே ஆள் நான்தான் என்பது காரணம்.

எனக்கு அப்போது பத்து வயது. நம்மவர்கள் பெருந்தொகையாக இந்த ஊருக்கு வருவதற்கு முந்திய காலம். தமிழ் வீடுகள் எவை என்று எல்லோருக்கும் தெரியும். யார் வீட்டுக்கு யார் வந்துபோனார்கள் என்பதும் தெரியும். மாமா அம்மாவின் கடைசித் தம்பி. எங்களோடு இருந்தார். என் அறையில், என் கட்டிலுக்குப் பக்கத்தில் மெத்தை போட்டுப் படுப்பார். பாண் சுடும் தொழிற்சாலையில் வேலை. ஆங்கிலப் பத்திரிகையை வாங்கினால் மரண அறிவித்தல் உட்பட ஒரு வரி விடமாட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் என்னையும் கூட்டிக்கொண்டு ஸ்ட்ரீட்காரில் ஏறி, எந்தத் தேவையும் இல்லாமல் கடைசித் தரிப்புவரை போய்த் திரும்புவார். நான் ஓட்டுநருக்குப் பின்னால் நின்றுகொள்வேன். கடைசித் தரிப்பில் வண்டி வளைந்து திரும்பியதும் ஓட்டுநர் எழுந்து, கண்ணாடிக்கு மேலிருக்கும் கைப்பிடியைச் சுற்றுவார். அதை ஒரு தடவை சுற்றிப் பார்க்க வேண்டும் என்பது அந்த வயதில் என்னுடைய பெரிய ஆசை. மாமாவுக்கும் அது தெரியும்.

ஒரு மாசி மாதத்தில் மாமாவுக்குச் சம்பந்தம் ஒன்று வந்தது. ஹை பார்க் பக்கத்தில் இருந்த ஒரு குடும்பம். அக்காவின் பிரசவத்துக்கு உதவி செய்ய வந்திருந்த தங்கைதான் பெண். அக்காவுக்கு மாமாவைப் பிடித்திருந்தது. அக்காவின் கணவர் லண்டனில் வேறொருவரைப் பார்த்து வைத்திருந்தார். பனி கரைவதற்குள் இங்கே சரிவராவிட்டால் பெண்ணை லண்டனுக்கு அனுப்பிவிடுவதென்று முடிவு. வீட்டுக்குப் போய்ப் பெண் பார்த்தால் மறுநாளே ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். பிறகு சரிவராவிட்டால் பெண்ணுக்குத்தான் குறை. ஆகவே என் அம்மாவும் அந்த அக்காவும் தொலைபேசியில் கலந்து பேசி, பெண் பார்ப்பதை ஸ்ட்ரீட்காரில் வைத்தார்கள்.

ஏற்பாடு சுலபமானது. கார்ல்டன் பாதை வண்டி ஹை பார்க்கிலிருந்து புறப்பட்டு, எங்கள் வீட்டு வாசலால் ஓடி, கண்ணாடி வீடு ஒன்று உள்ள பூங்காவைத் தாண்டிக் கிழக்கே போகும். அந்தக் கண்ணாடி வீட்டுக்குள் பனிக்காலத்திலும் ஒரு வாழை நிற்கும். பெண் ஹை பார்க்கில் ஏறுவார். மாமா எங்கள் தரிப்பில் ஏறுவார். பேசிக்கொண்டே போய் இருவரும் வாழையைப் பார்த்துவிட்டு வருவார்கள். பெண்ணுக்குத் துணை நான்.

"பெட்டை தனிய வந்தவ எண்டு ஒருத்தரும் கதைக்கக்கூடாது. நீ பக்கத்தில இரு. கண்டபடி வாய் காட்டாதை," என்றார் அம்மா.

எங்கள் தரிப்பில் டன்டாஸ் பாதை வண்டிகளும் அதே தண்டவாளத்தில் வரும். கொஞ்சத் தூரம் போனபின் இரண்டும் பிரிந்துவிடும். வண்டிகள் எல்லாம் ஒரே சிவப்பு. போர்ட் மட்டும்தான் வித்தியாசம்.

"மாமா டன்டாஸ் காரில ஏறிட்டா?" என்று கேட்டேன்.

"அதில நான் ஏன் ஏறுறன் மருமோன்? அது பூங்காப் பக்கமே போகாது," என்றார் மாமா, கண்ணாடி முன் நின்று அப்பாவின் கோட்டைப் போட்டுப் பார்த்தபடி.

"கலியாணம் முடிஞ்சா மாமா எங்க படுப்பார்?"

அம்மா சிரித்தார். "வேற எங்க? தன்ர வீட்டிலதான்."

எல்லோருக்கும் நல்ல மனநிலை. யாரும் என்னைப் பார்க்கவில்லை.

அந்தப் பெண்ணை நான் அக்கா என்று கூப்பிட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் முன்னதாகப் போய் அவரைக் கூட்டிக்கொண்டு ஏறியபோது, ஹை பார்க் வளைவில் வண்டி நின்றிருந்தது. ஓட்டுநர் கோப்பி வாங்க எதிர்க் கடைக்குப் போயிருந்தார். ஜன்னல்களின் உட்பக்கம் பனி பிடித்து வெள்ளையாக இருந்தது. அக்கா நடுவில் ஓர் இருக்கையில் அமர்ந்து, நகத்தால் பனியைச் சுரண்டி, வெளியே பார்க்க ஒரு துவாரம் செய்தார்.

"தம்பி, உங்கட மாமாவுக்குக் கோவம் வருமோ?"

"வராது. குறட்டைதான் வரும்."

அவர் கையுறையால் வாயைப் பொத்திச் சிரித்தார். "பரவாயில்லை. எங்கட வீட்டில பிள்ளை விடியவிடிய அழுது. குறட்டை எவ்வளவோ மேல்."

"சோத்தை அடிப்பிடிக்க விட்டிடுவார்."

"எனக்கு அடிச்சோறு விருப்பம்."

"கறிக்கு உப்புப் போட மாட்டார். மறந்திடுவார்."

"அப்ப உப்பை நான் போடுறன்," என்றார்.

எதைச் சொன்னாலும் அவர் ஏற்றுக்கொண்டார். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. இவரை மாமாவுக்குப் பிடிக்காமல் போகாது.

நான் எழுந்து முன்னால் போனேன். ஓட்டுநரின் இருக்கையில் ஏறி நின்றால் கைப்பிடி எட்டியது. சுற்றினேன். நினைத்ததைவிட இலேசாகச் சுழன்றது. பெட்டியின் உட்புறத்தில் ஓட்டுநர் பார்ப்பதற்கென்று சிறு கண்ணாடி இருந்தது. விளக்கு வெளிச்சத்தில் பெயர்கள் ஒவ்வொன்றாக அதில் நகர்ந்தன. போர்டில் எது எழுதியிருக்கிறதோ அந்த இடத்துக்கே வண்டி போகும் என்ற எண்ணம் எனக்குக் கொஞ்சம் இருந்தது. பத்து வயதில் அவ்வளவு அறிவுகூட இல்லையா என்று கேட்கலாம். தெரிந்தும் இருந்தது, நம்பவும் செய்தேன். ஆசையினால்தான் கைப்பிடியைத் தொட்டேன் என்று நீண்டகாலம் எனக்கே சொல்லி வந்திருக்கிறேன். ஆனால் டன்டாஸ் வந்ததும் நான் கையை எடுத்தேன். அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ பெயர்கள் இருந்தன.

ஓட்டுநர் கோப்பியோடு வந்தார். மேலே பார்க்கவில்லை. வண்டி புறப்பட்டது.

எங்கள் தரிப்பில் வண்டி நின்று கதவு திறந்தது. பனித் துவாரம் வழியாக மாமா தெரிந்தார். அப்பாவின் கோட், யாரிடமோ கடன் வாங்கிய தொப்பி. அவர் தலையை நிமிர்த்திப் போர்டைப் பார்த்தார். பிறகு ஓட்டுநரைப் பார்த்துச் சிரித்து, போகலாம் என்று கையைக் காட்டி, ஓரடி பின்னால் போய் நின்றார். வேறொரு மனிதர் ஏறினார். கதவு மூடியது.

"உவரோ உங்கட மாமா?" என்று அக்கா கேட்டார்.

"ஓம்."

அப்போது ஒரு வார்த்தை போதும். "மாமா!" என்று கத்தியிருந்தால் அவர் ஓடி வந்திருப்பார். நான் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாதைகள் பிரியும் இடத்தில் வண்டி கார்ல்டன் பக்கம் திரும்பியதும், புதிதாக ஏறிய மனிதர் முன்னால் போய் ஓட்டுநரைத் திட்டினார். ஓட்டுநர் எட்டிப் பார்த்து, ஏதோ முணுமுணுத்து, கைப்பிடியை வேகமாகச் சுற்றினார். பிறகு தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் என்னை ஒரு பார்வை பார்த்தார். அக்கா இதையெல்லாம் கவனிக்கவில்லை. தான் செய்த துவாரத்தில் மறுபடி பனி பிடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பூங்கா வந்தது.

"அக்கா, இறங்குவமோ?"

"வேண்டாம் தம்பி. வாழையை ஊரில பாத்தனான்தானே."

அடுத்த தரிப்பில் இறங்கி, வீதியைக் கடந்து, திரும்பிப் போகும் வண்டியில் ஏறினோம். இந்த முறை ஜன்னலோரம் நான். எங்கள் வீடு நெருங்கியபோது கண்ணாடியைச் சுரண்டினேன். வீதியின் மறுபக்கத்தில் மாமா இன்னும் நின்றிருந்தார். காலை மாற்றி மாற்றித் தட்டிக்கொண்டு, வண்டி வரும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். வந்த கார்ல்டன் வண்டி ஒவ்வொன்றிலும் ஏறி, உள்ளே எட்டிப் பார்த்து, ஓட்டுநரிடம் மன்னிப்புக் கேட்டு இறங்கினாராம். அது பிறகு தெரிந்தது.

"ஆரும் தெரியினமோ?" என்று அக்கா கேட்டார்.

"இல்லை," என்று சொல்லி, கையுறையால் துவாரத்தை மூடினேன்.

அவரை வீட்டில் விட்டு நான் திரும்பியபோது செய்தி எனக்கு முன்னே வந்துவிட்டிருந்தது. அம்மாவின் கையில் தொலைபேசி. மாமா சுடுதண்ணீர் வாளிக்குள் காலை வைத்திருந்தார். அப்பா எழுந்து நின்றுகொண்டிருந்தார். அப்பா நின்றால் நான் உட்காரமாட்டேன். அவருடைய அடி அப்படி.

"என்ர தம்பி கையைக் காட்டிப் போகச் சொன்னவனாம். அவ அழுதுகொண்டு வந்து படுத்திட்டாவாம்," என்றார் அம்மா.

"அக்கா, அது டன்டாஸ் கார். கொட்டை எழுத்தில கிடந்தது. என்ர ரெண்டு கண்ணாலயும் பாத்தனான்," என்றார் மாமா.

அப்பா என் பக்கம் திரும்பினார். "டேய், நீங்கள் எந்தக் காரில வந்தனீங்கள்?"

"கார்ல்டன்."

"போர்டைப் பாத்தனியே?"

"ஓம்."

"அப்ப ரெண்டு பேரில ஆரோ ஒராள் பொய் சொல்லுறியள். ஆர்?"

அம்மா தொலைபேசியின் வாயைக் கையால் பொத்தினார். மாமா என்னைப் பார்த்தார். அதிக நேரம் இல்லை. பிறகு வாளிக்குள் இருந்த காலைப் பார்த்தார்.

"நான்தான் பிழையா வாசிச்சுப்போட்டன் போல, அத்தான். கண்ணில பனி."

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மச்சான், பேப்பரில செத்தவனையெல்லாம் வாசிக்கிறீர். உயிரோட வந்தவவை வாசிக்கத் தெரியேல்லையே!"

அம்மா அதையே தொலைபேசியில் சொன்னார். மறுமுனையில் பெண்ணின் அக்கா கணவர் வாங்கிப் பேசினார். ஒரு போர்டை வாசிக்கத் தெரியாத ஆளுக்கு இந்த நாட்டில் என்ன சீவியம் என்று கேட்டாராம். இன்னொரு ஞாயிற்றுக்கிழமை தாருங்கள் என்று அம்மா இரண்டு தடவை கேட்டுப் பார்த்தார். பனி கரைந்ததும் அந்தப் பெண் லண்டனுக்குப் போய்விட்டார். அங்கே கல்யாணம் நடந்தது என்று கேள்விப்பட்டோம். நான் விரும்பியது எனக்குக் கிடைத்தது. நான் பல்கலைக்கழகம் போகும்வரை மாமா என் அறையிலேயே படுத்தார். கல்யாணம் செய்யவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம், "எனக்குத்தான் போர்ட் வாசிக்கத் தெரியாதே" என்று சொல்லிச் சிரித்தார். பகிடி அப்படித்தான் நிலைத்தது.

குடிபூரலன்று என் பேரன் போய் அவருடைய கையைப் பிடித்து இழுத்தான்.

"மாமாத் தாத்தா, யூ டேர்ன் இட்!"

மாமா எழுந்து வந்தார். கண்ணில் சத்திரசிகிச்சை செய்த பிறகு அவர் கண்ணாடி போடுவதில்லை. கைப்பிடியை மெதுவாகச் சுற்றி, வந்த பெயர்களை உரக்க வாசித்தார். கிங். குயீன். பதர்ஸ்ட். கார்ல்டன். ஒவ்வொன்றுக்கும் கைதட்டினார்கள். அடுத்த பெயர் வெளிச்சத்துக்கு வந்ததும் கையை நிறுத்தினார். வாசிக்கவில்லை.

"வட் டஸ் இட் சே?" என்றான் பேரன்.

"உது என்னெண்டு உன்ர அப்பப்பாவைக் கேள்," என்றார் மாமா.

எல்லோரும் மறுபடி சிரித்தார்கள். பேரன் என்னைப் பார்த்தான். மாமா போர்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டன்டாஸ்," என்றேன்.

"ஓம்," என்று சொல்லி, அவர் கைப்பிடியைச் சுற்றினார்.

இவ்வளவுதான் எங்களுக்குள் நடந்த பேச்சு. இதற்குமேல் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். அந்த ஞாயிறு இரவு, பெரியவர்களை ஏமாற்றுவது இவ்வளவு சுலபமா என்று வியந்துகொண்டு கட்டிலில் கிடந்தேன். கீழே மெத்தையில் மாமாவின் குறட்டைச் சத்தம் கேட்கவேயில்லை. நாள் முழுக்கக் குளிரில் நின்ற களைப்பில் நன்றாகத் தூங்குகிறார் என்று நினைத்து, நானும் தூங்கிவிட்டேன்.