சனூன் நானா கலந்த நீலம்

அறுபதுகளில் மன்னார்த் தீவின் மீன்பிடி ஊரான பேசாலையின் மருந்துச்சாலையில் மருந்து கலந்துகொண்டிருந்த சனூன், தன்னைச் சாதாரண ஆள் என்று ஒருபோதும் நினைத்ததில்லை. ஊராரும் அப்படி நினைத்துவிடாமல் பார்த்துக்கொண்டார். பக்கத்து எருக்கலம்பிட்டி முஸ்லிம். ஊருக்கே நானா, அதாவது அண்ணன். உடுப்பில் வெள்ளைச் சேட்டைத் தவிர வேறொன்றும் போடமாட்டார். ஆனால் அவருக்கு மிகவும் பிடித்த மருந்தோ மெதிலீன் நீலம், தொட்டதிலெல்லாம் ஒட்டிக்கொள்ளும் சாமான். ஆகவே அவருடைய சேட்டுகளில் ஒன்றைக்கூட மனமறிந்து வெள்ளை என்று சொல்ல முடியாது. ஐந்து வேளையும் தொழுகிற மனிதர். என்றாலும் தவக்காலம் என்றைக்குத் தொடங்குகிறது என்று அறிய வேண்டுமானால் பங்குச்சாமியைத் தேடிப் போவதைவிட அவரிடம் கேட்பது சுகம். வெறுவயிற்றில் யார் எப்போது மருந்து விழுங்குவார்கள் என்பது தெரியாமல் கத்தோலிக்க ஊரில் மருந்து கலக்க முடியாது என்பார்.

நீலத்தைப் பற்றிப் பேச வாய்ப்புக் கிடைத்தால் விடமாட்டார். முன்னொரு காலத்தில் அதை மலேரியாவுக்குக் கொடுத்தார்கள். சலக்கடுப்புக்கு அவரே பீங்கான் கல்வத்தில் அரைத்துக் குளிசையாக உருட்டிக் கொடுத்தார். ஆனால் அவர் ஆசையோடு சொல்லும் கதை, பயிற்சிக் காலத்தில் பெரியாஸ்பத்திரியில் கண்டது. உப்பென்று நினைத்து ஏதோ இரசாயனத்தைச் சோற்றில் போட்டுத் தின்ற ஒருவனை உதடும் நகமும் நீலம் பாரித்தபடி கொண்டுவந்து கிடத்தினார்கள். அவனுக்கு நரம்பில் ஏற்றியது இதே நீலம்.

"நீலமாப் போனவனுக்கு நீலத்தை ஏத்த, ஆள் சிவந்துபோய் எழும்பி இருந்தான்!" என்பார் சனூன். "இதுக்கு மேல என்ன வேணும் உங்களுக்கு?"

யாரும் எதுவும் கேட்டிருக்கமாட்டார்கள்.

வியாழக்கிழமைகளில் மன்னாரிலிருந்து டாக்குத்தர் வந்து சயரோகக்காரரைப் பார்ப்பார். அந்த நோய்க்கு அப்போது நல்ல மருந்து வந்துவிட்டது. வராதது, அதை விழுங்குகிற பொறுமை. ஊசி என்றால் குத்தினது குத்தினதுதான். குளிசையோ வீட்டுக்குப் போகிறது. இருமல் கொஞ்சம் குறைந்ததும் கூரையில் செருகப்பட்டுவிடும், அல்லது கடலுக்குப் போய்விடும். கேட்டால் எல்லாரும் அந்தோனியார் மேல் ஆணையாக விழுங்கியிருப்பார்கள். இதற்கு வழி சனூனிடம் இருந்தது. டாக்குத்தரின் சம்மதத்தோடு சயரோக மருந்தைத் தூளாக்கி, துளி நீலம் கலந்து, ஜெலற்றின் கூட்டுக்குள் அடைத்தார். விழுங்கினவனுக்குச் சிறுநீர் கடற்பச்சையாகப் போகும். விழுங்காதவனுக்குப் போகாது. இதை அவர் ஒளிக்கவுமில்லை. மருந்து கொடுக்கும்போதே ஊருக்குக் கேட்கிற மாதிரிச் சொல்லுவார்: "வியாழன் வரேக்க ஒரு போத்தலில கொண்டுவாங்கோ. பச்சையெண்டால் சந்தோசம். மஞ்சளெண்டால் என்னோட கதைக்கவேண்டாம். நீலம் பொய் சொல்லாது."

அப்படிப் போத்தல் கொண்டுவந்தவர்களில் எமிலியானுஸ் ஒருவர். சொந்தமாக வள்ளமும் வலையும் உள்ள சம்மாட்டி. அவரோடு நாலு பேர் தொழிலுக்குப் போனார்கள். நெஞ்சில் நோய் வந்த பிறகு அவர் வள்ளம் ஏறவில்லை. கரையில் வாடி என்கிற ஓலைக் குடிலில் இருந்து மீனைப் பங்கு பிரித்துக் கொடுத்தார். அவருடைய போத்தல் வாரம் தவறாமல் பச்சையாக இருந்தது. சனூன் அதை வெளிச்சத்துக்குப் பிடித்துத் தொழுகைக்குப் பிறகு வருகிற முகத்தோடு பார்ப்பார்.

எல்லாம் சரி. ஆள்தான் மெலிந்துகொண்டு வந்தார்.

"மருந்து எடுக்கிறதாத் தெரியேல்லை," என்றார் டாக்குத்தர், எக்ஸ்ரேயைப் பார்த்தபடி.

"எடுக்கிறார், சேர். போத்தலைப் பாருங்கோ."

"போத்தலைப் பார்த்தனான். நெஞ்சையும் பார்த்தனான். அடுத்த படமும் இப்பிடியெண்டால் தெற்கே சயரோக ஆஸ்பத்திரிக்கு அனுப்பத்தான் வேணும்."

எமிலியானுஸ் கதிரையிலிருந்து எழுந்தே விட்டார். "என்ர அப்பரையும் அங்கதான் அனுப்பினவை. பெட்டியிலதான் வந்தவர். நான் போகமாட்டன், ஐயா. சாகிறதெண்டால் பேசாலையில சாவன்."

அவருடைய மனைவி எடித் அழவில்லை. வெளியே வந்து சனூனைப் பிடித்துக்கொண்டார். "நானா, உங்கட நீலம் பொய் சொல்லாதெண்டால், பொய் சொல்லுறது ஆர்?"

சனூன் உள்ளே போய்ச் சந்தேகிக்கத் தொடங்கினார். இது அவர் வாழ்க்கையில் அடிக்கடி நடக்கிற காரியம் அல்ல. மருந்தின் தரத்தைச் சந்தேகித்தார், கல்வத்தைச் சந்தேகித்தார், டாக்குத்தரின் எக்ஸ்ரே மெசினைச் சந்தேகித்தார். நீலத்தை மட்டும் சந்தேகிக்கவில்லை.

அந்தக் கிழமை முடியுமுன் றோசம்மா வந்தாள். எமிலியானுஸின் வள்ளத்தில் போகிற சிங்கராசாவின் மனைவி. வரிசையில் நின்ற எல்லாரையும் முன்னே விட்டுவிட்டுக் கடைசியாக வந்து, முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டு சொன்னாள்.

"நானா, எங்கட ஆளுக்கு ஆரோ சூனியம் வைச்சிட்டாங்கள்."

"அதுக்கு நான் மருந்து கலக்கிறதில்லை, தங்கச்சி."

"ஒண்டுக்குப் போனால் பச்சையாப் போகுது! வேலியடியில நானே கண்டனான். கோயிலுக்கு மெழுகுதிரி கொளுத்தியும் நிக்கேல்லை."

சனூன் கையிலிருந்த போத்தலைக் கீழே வைத்தார். "என்ன மருந்து குடிக்கிறவர்?"

"ஒரு மருந்துமில்லை. அவருக்கென்ன வருத்தம்? கல்லுமாதிரி ஆள். லேசா இருமல், அவ்வளவுதான்."

மையத்து விழுந்த சாவு வீட்டுக்கும் வேலை முடியுமுன் போகாதவர், வேலை நேரத்தில் மருந்துச்சாலைக் கதவைச் சாத்தினார். சைக்கிளை மணலில் உருட்டிக்கொண்டு கரைக்குப் போனார்.

வள்ளம் அப்போதுதான் வந்திருந்தது. எமிலியானுஸ் வாடி வாசலில் சாக்கில் இருந்து, மீனைக் கும்பம் கும்பமாகக் குவித்துப் பிரித்துக்கொண்டிருந்தார். சனூன் ஸலாமும் சொல்லாமல் வணக்கமும் சொல்லாமல், சிங்கராசாவையும் மற்ற மூவரையும் பார்த்தார்.

"நாலு பேரும் வாடிக்குப் பின்னால போய் ஒண்டுக்கிருங்கோ."

"ஏன் நானா, கடல் வத்திப்போச்சோ?" என்றான் சிங்கராசா.

மற்றவர்கள் சிரித்தார்கள். சனூன் சிரிக்கவில்லை. அவர் சிரிக்காததைக் கண்டு போனார்கள். சனூனும் பின்னால் போனார். பேசாலையின் வெள்ளை மணலில் இரண்டு இடம் பச்சையாக இருந்தது. மூன்றாவது, பச்சை என்று சத்தியம் செய்யலாம் என்ற அளவில். நாலாவது ஆளுக்கு வரவில்லை. கூச்சம்.

"சம்மாட்டியார்," என்றார் திரும்பி வந்து, "என்ர குளிசையை என்ன செய்தனீங்கள்?"

எமிலியானுஸுக்குக் கேள்வியே விளங்கவில்லை. "என்ன செய்யிறது? பங்குதான்."

"பங்கோ!"

"ஒரு நாள் நான், ஒரு நாள் சிங்கராசா, அப்பிடி முறை வைச்சு. இவங்களும் இருமுறாங்கள். ஒரு வாடியில படுத்து, ஒரு குடத்தில தண்ணி குடிச்ச ஆக்கள். வள்ளத்துக்கு வந்த சாமானை நான் தனிய வைச்சுக்கொண்டு தின்னுறதோ? என்ர அப்பர் காலத்திலயும் அப்பிடி நடந்ததில்லை."

"அப்ப, வியாழக்கிழமைப் போத்தல்?"

"கிளினிக்குக்கு முதல் நாள் என்ர முறை வாற மாதிரிப் பார்த்துக்கொண்டனான்." முகத்தில் கள்ளம் எதுவும் இல்லை. "உங்களை ஏமாத்த இல்லை, நானா. நீங்கள் ஆசையோட பார்க்கிற சாமான். மஞ்சளாக் கொண்டுவந்து தாறது மரியாதையில்லையே."

நீலம் பொய் சொல்லவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. சனூன் சத்தம் போட்டார். அரைகுறையாகப் போட்ட மருந்துக்குக் கிருமி பழகிவிடும் என்றார், பிறகு எந்த மருந்தும் கேட்காது என்றார், ஐந்து பேருக்கும் பெட்டி செய்ய வேண்டிவரும் என்றார். எமிலியானுஸ் எல்லாவற்றையும் மரியாதையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "அது சரி. எண்டாலும் பங்கில்லாமல் எப்பிடி?" என்றார்.

நோய்க்குப் பயந்து நியாயம் தவறுகிற மனிதர் அல்ல. அதுதான் சங்கடம்.

சனூன் தோற்றுப்போய்த் திரும்புகிற நேரத்தில்தான் கும்பங்களுக்கு அப்பால், ஓலையால் மூடிக் கிடந்த சின்னச் சின்ன மீன் கோர்வைகளைக் கண்டார்.

"அது என்ன?"

"அது கறிக்கு. அவனவன் வீட்டுக்கு."

"அதையும் கொட்டிப் பங்கு வையுங்கோவன்."

நாலு பேரும் ஒரே நேரத்தில் வாய் திறந்தார்கள். எமிலியானுஸுக்கு உண்மையாகவே கோபம் வந்துவிட்டது. "என்ன கதை கதைக்கிறீங்கள், நானா? கறிமீனில ஆரும் கை வைப்பாங்களோ? சம்மாட்டியெண்டாலும் தொடமாட்டன். அது பங்குக்கு முதல் எடுத்து வைக்கிறது. அவனவன்ர அடுப்புக்கு."

"ஓம்," என்றார் சனூன். "நான் தந்ததும் அதுதான். உங்கட நெஞ்சுக்கு எடுத்து வைச்ச கறிமீன். அதைக் கொண்டுவந்து கும்பத்தில கொட்டினது நீங்கள்."

எமிலியானுஸ் ஓலைக்குக் கீழே கிடந்த கோர்வைகளைத் திரும்பிப் பார்த்தார். ஒரு காகம் அந்த இடைவெளியில் ஒரு மீனோடு போய்விட்டது.

"அப்ப இவங்கள்?" என்றார் எமிலியானுஸ், குரல் தாழ்ந்து.

"சளி கொண்டுவந்து தரட்டும். வருத்தமிருந்தால் அவனவனுக்கு அவனவன்ர கறிமீன். நானே கலந்து தாறன்."

"பெயர் எழுதி?"

"பெயர் எழுதி."

"அதைச் சொல்லியிருந்தால் நான் முதலே கேட்டிருப்பன்," என்றார் எமிலியானுஸ், குற்றம் முழுவதும் மருந்துச்சாலையினுடையது என்கிற மாதிரி.

சிங்கராசாவின் சளியில் கிருமி இருந்தது. மற்ற மூவருக்கும் இல்லை, புகையிலைதான். பங்கு வைத்த தவறு நடந்திராவிட்டால், கல்லுமாதிரி ஆளான சிங்கராசா அந்தப் பக்கமே வந்திருக்கமாட்டான் என்பதை டாக்குத்தரும் ஒத்துக்கொண்டார். எமிலியானுஸுக்கு மருந்தை முதலிலிருந்து தொடங்கினார்கள், இந்த முறை இன்னொரு மருந்தையும் சேர்த்து. எடித் ஒவ்வொரு காலையும் பக்கத்தில் நின்று விழுங்க வைத்தார். அடுத்த படத்தில் நெஞ்சு தெளியத் தொடங்கியிருந்தது. தெற்கே அனுப்பும் பேச்சு அத்தோடு நின்றது.

"நீலம் பொய் சொல்லாதெண்டு நான் அப்பவே சொன்னனான், சேர்," என்றார் சனூன். டாக்குத்தர் ஏதோ சொல்ல வாயெடுத்து, நல்ல மனிதராதலால் விட்டுவிட்டார்.

மருந்துக் காலம் முடிந்து, எமிலியானுஸ் திரும்ப வள்ளம் ஏறிய கிழமை, ஒரு காலையில் அவர் மருந்துச்சாலைக்கு ஓடிவந்தார். மூச்சு வாங்கவில்லை என்பதை அவர் கவனிக்கவில்லை, சனூன் கவனித்தார். கையில் வழக்கமான போத்தல்.

"நானா, மஞ்சளாப் போகுது! இண்டைக்கு முழுக்க மஞ்சள்!"

சனூன் போத்தலை வாங்கி வெளிச்சத்துக்குப் பிடித்தார்.

"குளிசை முடிஞ்சுதெல்லோ, சம்மாட்டியார். இதுதான் ஆண்டவன் தந்த நிறம். போய்த் தொழிலைப் பாருங்கோ."