பின்பெட்டியில் எழுந்தருளிய முருகன்

எங்கள் குடும்பத்தில் காரின் பின்பெட்டியைத் திறப்பதற்கு முன் செருப்பைக் கழற்றிவிடும் பழக்கம் பல வருடங்கள் இருந்தது. கேள்விப்படுகிறவர்கள் சிரிப்பார்கள். எங்களுக்குப் பழகிவிட்டது. பாசாரில் மீன் வாங்கினால்கூட அதை முன் இருக்கையில் காலடியில் வைத்துக்கொண்டு, நாற்றத்தைப் பொறுத்துக்கொண்டுதான் வருவோம். சாமி இருக்கிற இடத்தில் மீனை வைக்க முடியுமா?

அந்தச் சாமியை அங்கே கொண்டுவந்து சேர்த்தவர் என் சித்தப்பா. அவர் ஒன்றும் வேண்டிக்கொண்டு வைக்கவில்லை. அவர் வைக்க நினைத்தது பன்னிரண்டு அங்குல ஊஃபர்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. நாங்கள் கிள்ளான் பக்கத்தில் பண்டமாரானில் இருந்தோம். எனக்குப் பத்து வயது. அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். வீட்டில் அவருக்கென்று ஒரு மோட்டார்சைக்கிள் மட்டும். கார் சித்தப்பாவுடையது. அப்பாவின் தம்பியான அவர் எங்களோடுதான் தங்கியிருந்தார். தெலுக் பங்லிமா காராங்கில் ஃபைபர்கிளாஸ் தண்ணீர்த் தொட்டி செய்யும் தொழிற்சாலையில் வேலை. பழைய கார்தான், ஆனால் அதைத் துடைக்கத் தனித் துணி, அந்தத் துணியைத் துவைக்கத் தனி வாளி என்று வைத்திருந்தார். சித்தப்பா அந்தக் காருக்குத்தான் தாலி கட்டப் போகிறார் என்று அம்மா கேலி செய்வார்.

அப்போது கிள்ளான் பக்கத்து இளைஞர்களுக்குக் காரில் பாட்டு கேட்டால் மட்டும் போதாது. பாட்டுக்கு அடியில் இருக்கும் தும் தும் என்ற அதிர்வு நெஞ்சில் வந்து இடிக்க வேண்டும். அதற்கென்றே இருக்கிற பெரிய ஸ்பீக்கர்தான் ஊஃபர். அதைச் சும்மா வைத்தால் பாடாது. காற்றுப் புகாத ஒரு கூட்டுக்குள் பொருத்த வேண்டும். மற்றவர்கள் பலகையில் சதுரமாகப் பெட்டி அடித்து வைத்துக்கொண்டார்கள். சித்தப்பாவுக்கு அது ஆகாது.

"பலகையில செஞ்சா கோழிக்கூண்டு மாதிரி இருக்கும்லா. நம்ம கையில ஃபைபர் இருக்கு. பூட்டோட மூலை எப்படி வளையுதோ அப்படியே வார்த்துடலாம்," என்றார். பூட் என்பது பின்பெட்டிக்கு எங்கள் ஊர்ப் பெயர்.

இதற்கான சாமான்களை அவர் தலைநகரத்துப் பிரிக்பீல்ட்ஸில் ஒரு ரேடியோ கடையில் வாங்கினார். ஒரே தடவையில் வாங்கவில்லை. ஒரு சனிக்கிழமை ஊஃபர் வந்தது. அடுத்த சனிக்கிழமை அதற்கு வயர். அதற்கும் அடுத்த வாரம் ஸ்குரு.

"ஸ்குரு பண்டமாரான்ல கெடைக்காதாடா?" என்று அப்பா கேட்டார்.

"அது வேற ஸ்குருண்ணே."

வாங்கி வந்ததை நான் பார்த்தேன். எங்கள் சமையலறைக் கதவில் இருந்த அதே ஸ்குருதான். அதை வாங்குவதற்காகத்தான் சித்தப்பா தலையில் ஜெல் தடவி, சட்டையில் சென்ட் அடித்துக்கொண்டு, அவ்வளவு தூரம் காரை ஓட்டிக்கொண்டு போனார். கடையில் நிறைய கூட்டம் என்று இருட்டிய பிறகு திரும்பி வருவார். ஸ்குருவுக்கு இத்தனை கூட்டமா என்று எனக்கு ஆச்சரியமாக இருக்கும்.

கூட்டின் அடிப்பாகத்தை அவர் வார்த்து முடித்த வாரத்தில்தான் சம்பந்தம் வந்தது. கோயில் வாசலில் பூக்கடை வைத்திருந்த அக்கா, இந்த மாதிரி சம்பந்தங்களையும் பூவோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தவர், வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். பெண் பிரிக்பீல்ட்ஸ். பெண்ணின் அப்பா ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்றவர். பெண் அங்கேயே ஒரு ரேடியோ கடையில் வேலை பார்க்கிறாள்.

அம்மா சித்தப்பாவை ஏறிட்டுப் பார்த்தார். சித்தப்பா மேலே சுழலும் காற்றாடியை அப்போதுதான் முதன்முதலாகப் பார்ப்பவர்போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லிடறேன்," என்றார் பூக்கடை அக்கா. "பொண்ணு வீட்டுப் பெரியவருக்கு இந்த சத்தக் காரு பசங்கள கண்டாலே ஆவாது. ஜன்னல் கண்ணாடி ஆடுற மாதிரி தும் தும்னு போறானுங்களே, அவனுங்க. கொடைய எடுத்துக்கிட்டு ரோட்டுல எறங்கிடுவாரு. போன மாசம் ஒரு மாப்பிள்ளை கார்ல பாட்டு போட்டுக்கிட்டு வந்தான்னு, தண்ணிகூட குடுக்காம அனுப்பிட்டாரு."

சித்தப்பாவின் முகம் வாடிவிட்டது. அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கார் கீறல் பட்டபோதுகூட அப்படி ஆனதில்லை. எனக்குப் பாவமாக இருந்தது.

பெண் பார்க்கப் போகும் நாள் அடுத்த ஞாயிறு என்று முடிவானது. காருக்குள் இருப்பதைக் கழற்றி எறிந்துவிடு என்று அப்பா சொன்னார். அது முடியாத காரியம். வார்க்கும்போது ஃபைபரை இறுக்கும் ரெசின் பசை காரின் தகரத்தில் ஒட்டாமல் இருக்க டேப் ஒட்டுவார்கள். சித்தப்பா ஒட்டிய டேப்பில் சந்து இருந்திருக்கிறது. கூடு காரோடு காராகிவிட்டது. எடுக்க வேண்டுமென்றால் காரை வெட்ட வேண்டும்.

"முடிச்சுடறேன்ணே. ஊஃபர மாட்டாம போனா சத்தம் எங்கேருந்து வரும்? பாதியில கெடந்தாத்தான் அசிங்கம்," என்றார் சித்தப்பா. உண்மையில் அவருக்கு அதை யாரோ முழுசாகப் பார்க்க வேண்டும் என்று ஆசை இருந்திருக்கிறது. யார் என்று நாங்கள் கேட்கவில்லை.

மிச்சமிருந்தது முன்பக்கம். ஊஃபர் உட்கார வேண்டிய இடத்தில் ஒரு பலகை வளையத்தை நிறுத்தி, அதன்மேல் துணியை விறைப்பாக இழுத்து ஆணியடித்து, துணி நனையும்படி ரெசின் பூசினால் கல்லாக இறுகிவிடும். பிறகு வளையத்துக்கு உள்ளே இருக்கும் துணியை வட்டமாக வெட்டி எடுத்துவிட்டு ஊஃபரை மாட்டலாம். இழுத்தால் இழுபடும் துணி வேண்டும். டி-ஷர்ட்தான் சரி என்றார் சித்தப்பா.

அப்பா ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் பத்துமலையில் ஒரு தண்ணீர்ப் பந்தலில் தொண்டு செய்வார். அந்த வருடம் கொடுத்த டி-ஷர்ட்டுக்குள் அப்பாவைப்போல் இரண்டு பேர் புகலாம் என்பதால் மடிப்புக் கலையாமல் அலமாரியில் கிடந்தது. முன்பக்கத்தில் மயில்மேல் வேலோடு முருகன், கீழே 'தண்ணீர்ப் பந்தல்' என்று பெரிய எழுத்து. சித்தப்பா பக்தி இல்லாதவர் அல்ல. சாமி மேல் ரெசின் பூசக் கூடாது என்று யோசித்து, சட்டையை உள்வெளியாகத் திருப்பிப் போட்டு இழுத்துக் கட்டினார். வெளியே வெறும் வெள்ளைத் துணி. பார்க்கவும் லட்சணமாகத்தான் இருந்தது. கட்டிய கையோடு ரெசினைக் கலக்கித் தாராளமாகப் பூசினார்.

ரெசின் பட்ட துணி, எண்ணெய் பட்ட பலகாரப் பொட்டலம் மாதிரி. உள்ளே இருப்பதெல்லாம் தெரிய ஆரம்பித்துவிடும். தண்ணீர்த் தொட்டிக்கு யாரும் முருகன் படம் போட்ட துணியைப் போடுவதில்லை என்பதால், இத்தனை வருட வேலையில் சித்தப்பாவுக்கு இது தெரிய வாய்ப்பில்லாமல் போயிருக்கிறது. முதலில் மயிலின் தோகை தெரிந்தது. பிறகு கால். பிறகு முகம், சிரித்தபடி, சரியாக வளையத்தின் நடுவில். சட்டை திரும்பியிருந்ததால் முருகனும் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலமாகத் திரும்பியிருந்தார். வேல் இடது கையில் இருந்தது.

சித்தப்பா பிரஷ்ஷைப் பிடித்தபடி நின்றுவிட்டார். நான் ஓடிப்போய் அம்மாவைக் கூட்டிவந்தேன். அம்மா வந்து பார்த்தார். செருப்பைக் கழற்றினார். அந்தப் பழக்கம் அங்கேதான் ஆரம்பித்தது.

"காஞ்சதும் இந்த வட்டத்த வெட்டணும் அண்ணி," என்றார் சித்தப்பா, மெதுவாக.

"சாமி மேலயா ஓட்டை போடுவீங்க, தம்பி?"

"மேல புட்டி பூசி மறைச்சிடட்டுமா?"

"மூஞ்சியிலயா பூசுவீங்க?"

அப்பா வேலை முடிந்து வந்து பார்த்தார். இரண்டு பக்கமும் சேராமல், நல்லதுக்குத்தான் வந்திருக்கிறார் என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். சித்தப்பாவும் கத்தியை எடுத்துப் பார்த்தார். திரும்பவும் கீழே வைத்துவிட்டார். கல்யாணம் பேசப் போகிற வாரத்தில் எந்த ஆண்பிள்ளைதான் முருகனிடம் கத்தியைக் காட்டுவான்? ஊஃபர் அட்டைப்பெட்டியோடு கட்டிலுக்கு அடியில் போனது.

ஞாயிறு காலையில் இன்னொரு பிரச்சினை. ரெசின் வாடை போகவில்லை. பின்பெட்டியைத் திறந்தால் மண்டையைப் பிளந்தது. அம்மா சாம்பிராணி போட்டார். சாமிக்குச் சாம்பிராணி போட்டுவிட்டுச் சும்மா விட முடியாது என்று விபூதி, சந்தனம், குங்குமம், ஒரு முழம் மல்லிகை. ஐந்து சீர்த்தட்டுகளில் மூன்றைப் பின்பெட்டியில் சாமிக்கு முன்னால் வைத்தோம். பூத்தட்டு அம்மா மடியில், வெற்றிலைத் தட்டு என் மடியில்.

வழியெல்லாம் சித்தப்பா ஒரே பாட்டைப் பாடிக்கொண்டு வந்தார். சுபாங் ஜெயா தாண்டும்போதும் அதுதான்.

"எறங்கினதும் தட்ட நான் எடுத்துக் குடுத்துடறேன். வேற யாரும் பூட்ட தொறக்காதீங்க. அந்த வளையத்த பார்த்தா யாருக்கும் தெரிஞ்சிடும் அது எதுக்குன்னு."

"சரி, சரி," என்றார் அம்மா.

பிரிக்பீல்ட்ஸில் இறங்கியதும், சித்தப்பா பின்னால் போவதற்குள் அம்மாவே அவர் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். மாப்பிள்ளை தட்டுத் தூக்கினால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று, வழியெல்லாம் 'சரி, சரி' என்று சொன்னதை மறந்து, சாவியை வாங்கி அப்பாவிடம் கொடுத்தார். அப்பா சாவியைத் துளையில் விடவும் பெரியவர் வாசலிலிருந்து இறங்கி வரவும் சரியாக இருந்தது. நெடுநெடுவென்று உயரமானவர். வெயிலுக்காகவோ எதற்காகவோ கையில் குடை இருந்தது. சித்தப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

மூடி திறந்தது. சாம்பிராணிப் புகை மெல்ல வெளியே வந்தது. புகைக்குப் பின்னால் மல்லிகையும் சந்தனமுமாக முருகன் சிரித்துக்கொண்டிருந்தார்.

பெரியவர் குடையைச் சுவரில் சாய்த்தார். செருப்பைக் கழற்றினார். இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பினார்.

"இடக்கையில வேல்," என்றார் கடைசியில். "இத்தனை கோயிலுக்குப் போயிருக்கேன், இப்படி ஒரு ரூபத்த பார்த்ததில்ல. எங்க செஞ்சது?"

"வீட்டுலதாங்க. தம்பிதான் செஞ்சான்," என்றார் அப்பா. அவர் பொய் சொல்லத் தெரியாதவர்.

"கீழ ஏதோ எழுத்து இருக்கே. கிரந்தமா?"

வருடாவருடம் அந்தத் தண்ணீர்ப் பந்தலில் நின்று கை மரத்துப்போகத் தண்ணீர் ஊற்றிய என் அப்பா, தலைகீழாகவும் இல்லாமல் நேராகவும் இல்லாமல் திரும்பி நின்ற அந்த எழுத்தைச் சற்றுக் குனிந்து பார்த்தார்.

"தெரியலைங்க," என்றார்.

பெரியவர் சித்தப்பாவின் தோளில் கை வைத்தார். இந்தக் காலத்துப் பையன்கள் காரில் என்னத்தையோ வைத்துக்கொண்டு ஊரை இடித்துக்கொண்டு போகிறார்கள், நீ சாமியை வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் வந்திருக்கிறாய் என்றார். சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டார். அடக்கமான பையன் என்று அதற்கும் நல்ல பெயர் கிடைத்தது. பெண்ணை உள்ளே வைத்துக் காட்டுவதுதான் முறை. ஆனால் பெரியவர், சாமி வாசலுக்கு வந்திருக்கும்போது முறை என்ன முறை என்று சொல்லி, கற்பூரத் தட்டோடு பெண்ணை வெளியே கூப்பிட்டார்.

பச்சைப் பட்டில் அந்த அக்கா தலை குனிந்து வந்தார். எனக்கு அவரைப் பார்த்ததும் பிடித்துவிட்டது. தட்டை உயர்த்திக் கற்பூரம் காட்டப் போனவர், சாமியைப் பார்த்தார். வளையத்தைப் பார்த்தார். சித்தப்பாவை ஒரு கணம் பார்த்தார். பிறகு தட்டை அவசரமாகத் தன் அம்மாவிடம் கொடுத்துவிட்டு, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு குனிந்தார். தோள்கள் குலுங்கின. நிற்கவில்லை, குலுங்கிக்கொண்டே இருந்தன.

"புள்ளைக்குக் கண்ணு கலங்கிடுச்சு," என்றார் பெரியவர். அவர் குரலும் உடைந்திருந்தது. அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். எல்லோரும் அழுகிறார்களே என்று நானும் கொஞ்சம் அழுதேன்.

பெரியவர்கள் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே நடந்தார்கள். நான் வெற்றிலைத் தட்டோடு பின்தங்கியிருந்தேன். அந்த அக்கா நிமிர்ந்து, நனைந்த கண்களைத் துடைத்துக்கொண்டு, உதடு அசையாமல் சித்தப்பாவிடம் கேட்டார்.

"ஊஃபர் எங்க?"

"கட்டிலுக்கு அடியில," என்றார் சித்தப்பா.

அவ்வளவுதான். அந்த அக்காவுக்கு மறுபடியும் அழுகை வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினார்.

நான் தட்டைப் பிடித்தபடி அங்கேயே நின்றேன். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. எங்கள் வீட்டில் ஊஃபர் என்று ஒன்று இருப்பது, எங்களை அன்றுதான் முதன்முதலில் பார்க்கிற இந்த அக்காவுக்கு எப்படித் தெரியும்? யாரும் சொல்லவில்லை. அப்பாகூடச் சொல்லவில்லை. கும்பிடும்போது சாமிதான் சொல்லியிருக்க வேண்டும். மனமுருகி அழுது கேட்டால் முருகன் எதையும் காட்டிக்கொடுப்பார் என்று அம்மா எத்தனை முறை சொல்லியிருக்கிறார்.

அந்த அக்கா எனக்குச் சித்தியாக வந்த பிறகு, கணக்குப் பரீட்சைக்கு முந்தின மாலை, சித்தப்பாவிடம் சாவியை வாங்கி, செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்பெட்டியைத் திறந்தேன். சித்தி செய்தது போலவே முகத்தைப் பொத்திக்கொண்டு, தோளைக் குலுக்கி, என்னென்ன கணக்கு வரும் என்று கேட்டேன். முருகன் சிரித்துக்கொண்டே இருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. சித்திக்கு இருக்கிற பக்தி எனக்கு இன்னும் வரவில்லை என்று நினைத்துக்கொண்டு, வாய்ப்பாடு படிக்க உள்ளே போனேன்.