செம்பட்டை முடியும் நிரந்தர வேலையும்

என் தலைமுடி பிறவியிலேயே செம்பட்டை. தூத்துக்குடிப் பக்கம் எங்கள் ஊரில் பலருக்கு அப்படித்தான். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் கம்பெனிகள் வரிசையாக வந்துகொண்டிருந்த காலத்தில், கார் உதிரிபாகம் செய்யும் இடமொன்றில் டிரெய்னியாகச் சேர்ந்த பிறகுதான் எனக்குக் கோபம் அதிகம் என்று தெரிந்துகொண்டேன். தெற்கத்திக்காரன், அதிலும் செம்பட்டை. இரண்டும் சேர்ந்தால் அரிவாள் எங்காவது இருக்கும் என்பது லைனில் எல்லோருடைய கணக்கு. நானோ கரப்பான்பூச்சியைக்கூட அடிக்காமல் துடைப்பத்தால் வெளியே தள்ளுகிற ரகம்.

கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காருகிறவர்கள், தூங்கி என் மேல் சாய்ந்துவிடக் கூடாதே என்று விழித்துக்கொண்டே வருவார்கள். ஒருவன் மட்டும் தாராளமாகச் சாய்வான். கம்பெனிக்குப் பக்கத்து ஊரான சேரப்பணஞ்சேரிக்காரன், லைனில் எனக்கு அடுத்து நிற்பவன், என்னைப் போலவே டிரெய்னி. உண்மையில் கோபக்காரன் அவன்தான். லாக்கர் திறக்கவில்லை என்று உதைத்தே கதவை நெளித்தவன். நிலத்தை விற்றதில் வீட்டில் பிரச்சினை, பையன் டென்ஷனில் இருக்கிறான் என்று எல்லோரும் அவனுக்காகப் பேசினார்கள். அவன் முடி நல்ல கறுப்பு.

கேன்டீனில் சாம்பார் தண்ணியாக இருந்தால் என்னை முன்னால் தள்ளிவிடுவது வழக்கமாயிற்று. எனக்குப் பேச வராது. தட்டோடு போய்ச் சும்மா நிற்பேன். கேன்டீன்காரர் என் தலையைப் பார்ப்பார். அண்டாவின் அடியிலிருந்து பருப்பாக அள்ளி ஊற்றுவார். எனக்குப் பின்னால் நின்றவர்களுக்கும் அதே கவனிப்பு. எல்லோருக்கும் லாபமாக இருந்ததால் நானும் ஒன்றும் சொல்லவில்லை.

டிரெய்னிகளில் யாரை நிரந்தரமாக்குவது என்று சூப்பர்வைசர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேசும் நாள் வந்தது. எனக்கு நிரந்தரமானால் இனிமேல் கடலுக்குப் போகவேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லியிருந்தேன். அவரும் நம்பி, படகை விற்க ஆள் பார்த்துக்கொண்டிருந்தார்.

முந்தின நாள் சேரப்பணஞ்சேரிக்காரன் என்னைப் படப்பையில் ஒரு சலூனுக்கு இழுத்துப்போய் டை அடிக்கவைத்தான். "தல கருப்பா இருந்தா ஆளே சாந்தமா தெரிவ மச்சான்" என்றான். கண்ணாடியில் பார்த்தேன். கல்யாணத் தரகர் மாதிரி இருந்தேன்.

சூப்பர்வைசர் என் வேலையில் ஒரு குறையும் சொல்லவில்லை. தலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நேத்து வரைக்கும் செம்பட்டையா இருந்துச்சு. இன்னாத்துக்குப்பா திடீர்னு கருப்பு?"

இன்டர்வியூவுக்காக என்றேன்.

"உள்ள ஒண்ணு வெச்சிக்கினு வெளிய ஒண்ணு காட்றவன எப்டி தம்பி நம்பறது? கத்தறவன்கூட பரவால்ல, கத்தி முடிச்சிடுவான்."

நான் இதுவரை யாரையும் ஒரு வார்த்தை சொன்னதில்லை என்றேன். அதுதான் பயமாக இருக்கிறது என்றார். கேன்டீனில் நான் சும்மா நின்றதற்கே அந்த மனிதர் மிரண்டுபோனதை உதாரணமாகச் சொன்னார். இன்னும் ஆறு மாதம் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார்.

சேரப்பணஞ்சேரிக்காரன் நிரந்தரமாகிவிட்டான். சாயங்காலம் லட்டு டப்பாவோடு என் அறைக்கு வந்தான். அப்பாவுக்கு என்ன சொல்வது என்று தெரியாமல் நான் செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"கோச்சுக்காத மச்சான். கோவம் வந்தா நாலு வார்த்த திட்டிடு. உள்ளயே வெச்சிக்காத."

நல்ல மனதோடுதான் சொன்னான். எனக்குக் கோபம் வந்தது. பிறந்ததிலிருந்து வராத கோபம். காது சூடானது. காட்டினால் சூப்பர்வைசர் சொன்னது சரியாகிவிடும். அடக்கினாலும் சரியாகிவிடும். ஒரு லட்டை எடுத்து வாயில் போட்டு, நன்றாக இருக்கிறது என்றேன்.

அவன் என் முகத்தைப் பார்த்தபடியே மெல்ல வாசல் பக்கம் நகர்ந்து நின்றான்.