இடதுகைப் பந்தும் மைனஸ் ஒன்றேகாலும்

கண்ணாடிக்கடைக்காரர் வார நாட்களில் ஊரார் கண்ணைச் சோதிப்பார்; ஞாயிற்றுக்கிழமை கடைவீதி அணியின் முதல் ஆளாக மட்டை பிடிப்பார். வலதுகைக்காரர்கள் எவ்வளவு வேகமாகப் போட்டாலும் அசரமாட்டார். எதிரணி லாரிக்காரர் இடது கையில் பந்தோடு ஓடிவரத் தொடங்கினால் மட்டும் மட்டையின் பிடியை இறுக்கிக்கொள்வார்.

பந்து குறுக்கே ஆஃப் பக்கம் போவதுபோலவே வரும். அதை நம்பி இவர் முன்காலைக் குறுக்கே நீட்டுவார். கடைசி நொடியில் அது மனசு மாறி உள்ளே திரும்பி, காலில் கட்டிய பேடில் தொப்பென்று அடிக்கும். நடுவர் எல்.பி.டபிள்யூ. என்று விரலைத் தூக்கிவிடுவார். நான்கு வருடத்தில் ஏழு தடவை இதே கதை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை அந்த லாரிக்காரரே கடைக்குள் வந்து நின்றார். "தலை வலிக்குது சார். ஒரு தடவ கண்ணப் பாத்துடுங்க."

நாற்காலியில் உட்காரவைத்து, எதிர்ச்சுவரில் இருந்த எழுத்துப் பலகையைக் காட்டினார் கடைக்காரர். "கடைசி வரியைப் படிங்க."

"வரி எங்க சார் இருக்கு?"

இரண்டு கண்ணுக்கும் பவர் மைனஸ் ஒன்றேகால், தூரத்தில் எல்லாம் மங்கல். கடைக்காரருக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அப்ப பந்து போடறப்ப ஸ்டம்பு எப்படித் தெரியும்?"

"ஸ்டம்பெல்லாம் தெரியாது. உங்க வெள்ளப் பேடு மட்டும் மங்கலாத் தெரியும். நான் கையத் தூக்கறதுக்குள்ளயே நீங்க காலைக் கொண்டாந்து குறுக்க நட்டுடுவீங்க. அதைப் பாத்து உள்ள திருப்பிவிடுவேன், அவ்வளவுதான்."

பக்கத்தில் ஃப்ரேமுக்குத் திருகாணி முடுக்கிக்கொண்டிருந்த கடைக்காரரின் மனைவிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"கண்ணாடி எப்பக் கிடைக்கும் சார்?"

"திங்கக்கிழமை." வாய் தானாகச் சொல்லிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை இரண்டு அணிக்கும் நடுவே ஆட்டம்.

அவர் போனதும் மனைவி கேட்டாள். "ஏங்க, எல்லாருக்கும் ரெண்டே நாள்ல குடுக்கறீங்க. இவருக்கு மட்டும் என்ன?"

"கண்ணு தெரியாமயே ஏழு தடவ என்னை அவுட்டாக்கியிருக்கான். தெரிஞ்சா சும்மா விடுவானா?"

"அவரு லாரி ஓட்டறவருங்க."

கடைக்காரர் ரசீதுப் புத்தகத்தில் திங்களை அடித்துவிட்டு வியாழன் என்று எழுதினார். வியாழக்கிழமையே வில்லையைத் தேய்த்து, ஃப்ரேமில் மாட்டி, ஆளனுப்பிக் கொடுத்துவிட்டார்.

அன்று சாயங்காலம் கடையின் பின்னறையில் மேசையை நகர்த்திவிட்டு மட்டையோடு நின்றார். மனைவி மூலையிலிருந்து காகித உருண்டைகளை வீசினாள். நெஞ்சு பந்து வரும் பக்கம் திரும்பும்படி இடது தோளைக் கொஞ்சம் திறந்து நின்று, முன்காலைக் குறுக்கே விடாமல் நேராக வைத்துப் பழகினார். கால் கேட்டால்தானே. பழக்கதோஷம், குறுக்கே குறுக்கே ஓடியது. "காலு, காலு" என்று அவள் அதட்டிக்கொண்டே இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை லாரிக்காரர் புதுக் கண்ணாடியோடு ஓடிவந்தார். முதல் மூன்று பந்துகள் ஆஃப் பக்கம் விலகிப் போயின. கடைக்காரர் மட்டையைத் தூக்கி வழிவிட்டார். நான்காவது உள்ளே திரும்பியது. வழியில் கால் இல்லை. மட்டை நேராக இறங்கியது. பந்து லாரிக்காரரைத் தாண்டி எல்லைக்கோட்டுக்கு ஓடியது.

லாரிக்காரர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். "சார், காலை எங்க வச்சிட்டு வந்தீங்க?"

"வீட்டுல."

முப்பத்துநான்கு ரன் எடுத்தபின், ஒரு சோம்பேறிச் சுழல்பந்தை அவசரப்பட்டுத் தூக்கியடித்துப் பிடி கொடுத்துவிட்டு வந்தார். அதன்பிறகுதான் வினை ஆரம்பித்தது. மூன்று ஸ்டம்பையும் தெளிவாகப் பார்த்துவிட்ட லாரிக்காரர், கடைவீதி ஆட்களை ஒருவர் பின் ஒருவராகப் பெயர்த்தெறிந்தார். ஒரே ஒரு விக்கெட் மிச்சமிருக்க, கடைவீதிக்காரர்கள் தட்டுத்தடுமாறித்தான் ஜெயித்தார்கள்.

ஸ்டம்பு பறிகொடுத்து வந்திருந்த, அதே அணியின் பேக்கரிக்காரர் மட்டையைக் கீழே போட்டார். "எந்தப் புண்ணியவான்யா அந்தாளுக்குக் கண்ணாடி மாட்டிவிட்டது?"

கண்ணாடிக்கடைக்காரர் மும்முரமாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். ஆட்டம் பார்க்க வந்திருந்த மனைவிதான் பதில் சொன்னாள்: "எங்க கடைதாண்ணே. நீங்களும் ஒரு தடவ வந்து காட்டிட்டுப் போங்க."