நம்ப ஒரு ஆளைத் தா என்று கேட்டேன்

அம்மாளை நம்பிக் கும்பிடுகிற என் சகோதரங்களுக்கு, வட்டக்கச்சியிலிருந்து தவமலர் எழுதுகிறேன். படுத்தபடியேதான் எழுதுகிறேன். கொஞ்சம் எழுதுவேன், பேனையை வைத்துவிட்டுக் கண்ணை மூடுவேன், பிறகு எழுதுவேன். முழுச் சுகம் வந்த பிறகுதான் அம்மாளின் கருணையைச் சொல்ல வேண்டும் என்றால் நான் சொல்லாமலே போய்விடுவேன் என்ற பயத்தில் இப்போதே சொல்கிறேன்.

கொரோனாக் காய்ச்சல் எங்கள் வீட்டுக்கு ஒரு மாசி மாதத்தில் வந்தது. என் கணவருக்கு வந்தது, போனது. எங்களோடு இருக்கும் மாமிக்கு, அவருடைய தாய்க்கு, வந்தது, போனது. எனக்கும் வந்தது. காய்ச்சல் போய்விட்டது. நான்தான் எழும்பவில்லை.

களைப்பு என்று சொன்னால் உங்களுக்கு விளங்காது. களை பிடுங்கி, வரம்பு கட்டி, நெல் தூற்றி வருகிற களைப்பு எனக்கும் தெரியும். அது படுத்தால் போய்விடும். இது படுத்தாலும் போகாது. விடிய எழும்பினால் இரவு முழுக்க மூட்டை சுமந்தது போல இருக்கும். மகள் ஆரபிக்குத் தலை பின்னத் தொடங்கினால் பாதியில் கை கீழே விழும். வெளிச்சம் கண்ணைக் குத்தும். அரிசி என்று சொல்ல வாயெடுப்பேன், அந்தச் சொல் வராது. கடைசி இடப்பெயர்வில் பதினாறு வயதில் தம்பியையும் தூக்கிக்கொண்டு நடந்த கால்கள் இவை. ஷெல்லுக்குப் பயந்து ஓடிய கால்கள். இப்போது கிணற்றடிவரை போக மாட்டேன் என்றன.

ஆஸ்பத்திரிக்குப் போனோம். இரத்தம் எடுத்தார்கள், படம் எடுத்தார்கள். "எல்லாம் நோர்மல் அம்மா. யோசிக்காதேங்கோ. விடிய எழும்பி நல்லா நடவுங்கோ" என்றார்கள். நான் அந்தச் சொல்லுக்குப் பயந்த மாதிரி வேறு எதற்கும் பயந்ததில்லை. நோய் இருக்கிறது என்றால் மருந்து இருக்கும். நோயே இல்லை என்றால் நான் யார்? கள்ளியா, புத்தி பிசகிய விசரியா?

மாமிக்கு அந்தச் சந்தேகமே இருக்கவில்லை. குசினிக்குள் நின்று பக்கத்து வீட்டு அக்காவோடு கதைத்தது எனக்குக் கேட்டது.

"ரிப்போட்டில ஒண்டுமில்லையாம். பிறகென்ன படுக்கை? உடம்பு வளைய மனமில்லாட்டி உப்பிடித்தான்."

மாமி கெட்டவர் அல்ல. இந்த வயதிலும் வெயிலில் நெல் காயப்போடுகிற மனுஷி. படுத்துக் கிடப்பவர்களை அவர் வாழ்நாளில் பார்த்தது சாகக் கிடக்கும்போதுதான். தலையிடியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும் என்பார்கள்; காய்ச்சல் அவருக்கும் வந்தது, இந்தக் களைப்பு வரவில்லை. ஆனால் அடுத்ததாக அவர் சொன்னதுதான் என்னைப் பயப்படுத்தியது.

"தாய் இப்பிடிக் கிடந்தால் பிள்ளை என்னண்டு படிக்கும்? ஆரபியை மல்லாவியில என்ர மகளிட்டக் கொண்டுபோய் விடுவம்."

ஆரபிக்கு அப்போது எட்டு வயது. என் கணவரும் அதற்குத் தலையாட்டினார். நான் பாயில் கிடந்தபடி அம்மாளைக் கூப்பிட்டேன். "அம்மாளாச்சி, என்னை எழுப்பிவிடு. எழுப்பினால் மூன்று வருசம் உனக்கு அடியழிப்பேன். எழுப்ப ஏலாவிட்டால், நான் பொய் சொல்லவில்லை என்று நம்ப ஒரு ஆளையாவது தா. என் பிள்ளையை என்னிடம் இருக்க விடு." நாளும் பொழுதும் இதே வேண்டுதல்தான்.

அடுத்த வருடம் அம்மன் கோயில் ஆடித் திருவிழா நெருங்க உடம்பு கொஞ்சம் தேறி வந்தது. மெல்ல நடந்தேன். சோறும் வடித்தேன். அம்மாள் எழுப்பிவிட்டாள் என்று நம்பி, நேர்த்தியைச் செய்யப் புறப்பட்டேன். அடியழிப்பது என்றால் தெரியும்தானே: கிணற்றடியில் முழுகி, ஈரச் சேலையோடு தேருக்குப் பின்னால் ஓரடி வைப்பதும், நெடுக விழுந்து கும்பிடுவதும், எழும்பி அடுத்த அடி வைப்பதுமாக வெளிவீதி முழுக்கச் சுற்றிவர வேண்டும். சுடு மணலில் சுற்றி முடித்தேன். மாமிக்குப் பெரிய சந்தோசம். "பாத்தியே, மனம் வைச்சால் எல்லாம் ஏலும்" என்று தன் கையாலேயே தேத்தண்ணி தந்தார்.

அடுத்த நாள் உடம்பில் ஒரு மாற்றமும் தெரியவில்லை. அதற்கடுத்த நாள் விழுந்தேன்.

இதோடு பார்த்தால் முதல் விழுந்தது விழுகையே அல்ல. மாதக் கணக்கில் கஞ்சியைக் கரண்டியால் பருக்கினார்கள். கதவு சாத்துகிற சத்தத்துக்கும் உடம்பு நடுங்கியது. ஆரபி பள்ளிக்கூடத்தால் வந்து வாசலில் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடப்பாள். எனக்கோ மனம் முழுக்கப் பயம். தெய்வம் நின்று கொல்லும் என்பார்களே, நான் என்ன குற்றம் செய்தேன்? நேர்த்தி செய்தவளுக்கு இந்தத் தண்டனையா? இன்னும் இரண்டு வருட நேர்த்தி பாக்கி இருந்தது. செய்தால் உடம்பு என்னை விழுத்தும். செய்யாவிட்டால் அம்மாள் கோபிப்பாள். முன்னுக்குப் போனால் முட்டுது, பின்னுக்கு வந்தால் உதைக்குது என்ற நிலை. மல்லாவிக் கதையும் மறுபடி தொடங்கியது.

பங்குனியில், காய்ச்சலுக்குப் பிறகு களைப்பு மாறாத ஆட்களை ஆராய்ச்சிக்காகச் சந்திக்க ஒரு பெண் டொக்டர் வருகிறார் என்று ஊரில் சொன்னார்கள். என் கணவர் என்னை ஓட்டோவில் பொது நோக்கு மண்டபத்துக்குக் கொண்டுபோனார். மாமியும் ஏறினார். நான் நடிக்கிறேனா என்று கண்டுபிடிக்கத்தான் மாமி வருகிறார் என்று எனக்குத் தெரியும். அங்கேயும் எல்லாம் நோர்மல் என்றுவிட்டால் என் பிள்ளை போய்விடும்.

டொக்டர் வயதில் சின்னப் பிள்ளை. என் கதிரைக்குப் பக்கத்தில் தன் கதிரையை இழுத்துப் போட்டு, மெதுவாகக் கேட்டார்.

"அக்கா, கொஞ்சம் கூட வேலை செய்தால் உடனே விழுறனீங்களோ, இல்லாட்டி ஒண்டு ரெண்டு நாள் கழிச்சோ?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அதுவரை ஒருவரும் கேட்காத கேள்வி அது. அந்தக் கேள்வி இருக்கிறது என்றால் என்னைப் போல வேறு ஆட்களும் இருக்கிறார்கள்!

"நாள்பட்ட களைப்பு நோய் எண்டு சொல்லுறது இதைத்தான். சோம்பலும் இல்லை, நடிப்பும் இல்லை. எங்கட சோதனையளில பிடிபடேல்லை எண்டதுக்காக நோய் இல்லை எண்டு ஆகாது" என்றார். சுகமாக்குகிற மருந்து இன்னும் இல்லை என்பதையும் ஒளிக்காமல் சொன்னார். முந்தி வெளிநாடுகளிலும் இந்த நோயாளிகளைப் படிப்படியாகக் கூட நடக்கச் சொன்னார்களாம். அது எங்களை விழுத்துகிறது என்று நோயாளிகளே விடாமல் சொல்லிச் சொல்லித்தான் சில இடங்களில் மாற்றிக்கொண்டார்களாம்.

மாமி இடையில் புகுந்தார். "அப்ப அடியழிச்சது?"

"சாமி விசயம் எனக்குத் தெரியாதம்மா. ஆனால் அந்த உடம்புக்கு அது தாங்காது. இண்டைக்கு இஞ்ச வந்ததுக்கும் நாளையிண்டைக்கு விழுத்தலாம். பாருங்கோ."

எனக்கு எங்கிருந்து வாய் வந்ததோ தெரியாது. "பிள்ளை, கோவிக்காதேங்கோ. நான் ஒரு மாதிரி வந்திட்டன். வர ஏலாமல் படுத்துக் கிடக்கிற ஆக்களை ஆர் கேக்கிறது? அவையை விட்டிட்டு எழுதினால் உங்கட ஆராய்ச்சியில பாதி நோய்தானே இருக்கும்?" என்றேன்.

"அதுதான் எங்களுக்கும் பெரிய கவலை, அக்கா. என்ன செய்யலாம் எண்டு நீங்கள் சொல்லுங்கோ."

நான் சொன்னேன். வீட்டுக்கு வாருங்கள், ஒரேயடியாக எல்லாவற்றையும் கேட்காதீர்கள், வெளிச்சத்தைக் குறையுங்கள், கதைக்க முடியாதவரிடம் தலையாட்டுகிற மாதிரிக் கேளுங்கள். அவர் தலைகுனிந்து எழுதிக்கொண்டார். எனக்கு ஊசி குத்துவதற்கு மட்டும்தான் ஆராய்ச்சி என்று நினைத்திருந்தேன். என்னையும் ஒரு ஆளாக மதித்துக் கேட்பார்கள் என்று நான் கனவிலும் எண்ணவில்லை.

டொக்டர் சொன்னபடியே மூன்றாம் நாள் விழுந்தேன். கண்ணைத் திறக்க முடியவில்லை. யாரோ வந்து யன்னலுக்குச் சேலை கட்டுகிற சத்தம் கேட்டது. மாமிதான்.

"சொன்ன மாதிரியே விழுத்திப்போட்டுது" என்று தனக்குத்தானே சொன்னார். அவர் குரலிலும் பயம் இருந்தது. என் பயத்தை இன்னொருவர் குரலில் கேட்டது அன்றுதான்.

ஆடி வந்தது. தேர் நாள். அடியழிக்காமல் விட எனக்குத் துணிவு வரவில்லை. விழுந்தால் விழட்டும், தெய்வக் குற்றம் பிள்ளையின் தலையில் விடியக்கூடாது என்று சுவரைப் பிடித்துக் கிணற்றடிக்குப் போனேன். அங்கே மாமி ஈரச் சேலையோடு நின்றார்.

"நீ போய்ப் படு. நான் அழிக்கிறன்."

"உங்கட முழங்கால் என்னத்துக்கு ஆகும் மாமி?"

"என்ர முழங்கால் நொந்தால் இண்டைக்கே நோகும். உன்ரயைப் போல பதுங்கி நிண்டு பிறகு பாயிற கள்ள நோ இல்லை."

என் கணவர் என்னை ஓட்டோவில் படுக்க வைத்து வெளிவீதி ஓரத்து வேம்பின் கீழ் நிறுத்தினார். தேர் போனது. பின்னால் மாமி ஓரடி வைத்து விழுந்தார், கையூன்றி எழும்பினார், மறுபடி விழுந்தார். ஓட்டோவுக்குப் பக்கத்தில் வந்தபோது அவர் அம்மாளோடு கதைப்பது எனக்கு வடிவாகக் கேட்டது.

"தாயே, என்ர மருமகள் பொய் சொல்லேல்லை. நம்பாமல் விட்டது நான். அவளின்ர நேர்த்தியை என்னிட்ட வாங்கிக்கொள்ளு. பிள்ளை தாயோடயே இருக்கட்டும்."

நான் ஓட்டோவுக்குள் கிடந்தபடியே கைகூப்பினேன். அதற்குத்தான் பலம் இருந்தது.

பயம் போய்விட்டது என்று சொன்னால் பொய். இன்னும் ஒரு வருட நேர்த்தி இருக்கிறது. மாமிக்கும் வயது போகிறது. எனக்கு எப்போது சுகம் வரும், வருமா என்றும் தெரியாது. ஆனால் ஆரபி மல்லாவிக்குப் போகவில்லை. டொக்டர் பிள்ளை வீட்டுக்கு வந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டுப் போகிறார். யாராவது என்னைப் பார்த்து, ஆளைப் பார்த்தால் நோயாளி மாதிரி இல்லையே என்றால், மாமி வாசலிலேயே மறித்துப் பதில் சொல்லி அனுப்பிவிடுகிறார்.

ஆகையால் சொல்கிறேன். எல்லாம் நோர்மல் என்று கேட்டுவிட்டுப் பாயில் கிடக்கிற என் சகோதரியே, நீ பொய் இல்லை. அம்மாளிடம் கேள், விடாமல் கேள். யார் மூலம் தருவாள் என்று மட்டும் நீயாக முடிவுகட்டாதே. நம்ப ஒரு ஆளைத் தா என்றுதான் நான் கேட்டேன். அம்மாள் மாமியைத் தந்தாள்.