கலந்து பேசுவார்கள்

இங்கிலாந்துக்கும் ஜப்பானுக்கும் இருபது ஆண்டுகளாக இருந்துவந்த உடன்படிக்கை இனிப் புதுப்பிக்கப்படாது என்று சென்ற வாரம் பத்திரிகையில் படித்தேன். காரைக்குடியில் அதை இரண்டு தடவை படித்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அந்த உடன்படிக்கையை நம்பி என் மகளைக் கடலில் ஏற்றியவன் நான்.

நான் பள்ளியில் இங்கிலீஷ் வாத்தியார். எங்கள் குடும்பத்தில் ஏர் பிடிக்காத முதல் ஆள். சனிக்கிழமை மாலைகளில் வண்டிப்பேட்டைக்குப் போய், அங்கே கூடியிருப்பவர்களுக்கு இங்கிலீஷ் பத்திரிகையைத் தமிழில் படித்துச் சொல்வேன். பல ஆண்டுகளுக்கு முன்பு ஒரு தடவை அந்த உடன்படிக்கையைப் பற்றி முழுப் பக்கத்துக்கு எழுதியிருந்தார்கள். நான் அதை ஒரே வரியாக்கிவிட்டேன்: "இந்தியாவை எவன் தொட்டாலும் ஜப்பான்காரன் கப்பலோடு வந்து நிற்பான்." எல்லோருக்கும் அது பிடித்திருந்தது. சொல்லிச் சொல்லி எனக்கே அது வேதமாகிவிட்டது.

ஜெர்மனியோடு சண்டை மூண்ட ஆண்டில் என் மகள் பினாங்கில் இருந்தாள். மாப்பிள்ளைக்கு அங்கே ரயில் ஆபீஸில் குமாஸ்தா வேலை. அவள் உண்டாகியிருந்தாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது எங்கள் வழக்கம். ஆனால் மாப்பிள்ளை எழுதியிருந்தார், கடலில் ஜெர்மன் கப்பல்கள் சுற்றுவதாகப் பேச்சு இருக்கிறது, பிரசவத்தை இங்கேயே வைத்துக்கொள்ளலாமா என்று.

என் மனைவி அதைக் கேட்டுவிட்டு, "மாப்பிள்ளை சொல்றதும் சரிதானே" என்றாள். அவளுக்கு மகளைப் பார்க்க உயிர் துடித்தது. ஆனாலும் சொன்னாள்.

நான் மூன்று பக்கம் பதில் எழுதினேன். ஜப்பான் நம் பக்கம் சேர்ந்துவிட்டது, கீழைக் கடல் முழுவதும் அவர்கள் காவலில் இருக்கிறது, அஞ்ச வேண்டியதில்லை, உடனே அனுப்புங்கள் என்று. எழுத எழுத எனக்கு அது உண்மையாகவே தெரிந்தது.

ஊர் திரும்பும் ஒரு தம்பதியோடு மகள் கப்பல் ஏறிவிட்டாள் என்று தந்தி வந்தது. அதிலிருந்து மூன்றாம் நாள் அந்தச் செய்தியும் வந்தது. ஒரு ஜெர்மன் கப்பல் சென்னைப் பட்டணத்துக்கே வந்து குண்டு போட்டுவிட்டது. துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகள் எரிகின்றன. சனங்கள் மூட்டை முடிச்சோடு பட்டணத்தைவிட்டு ஓடுகிறார்கள்.

வண்டிப்பேட்டை வழியாகப் பள்ளிக்குப் போனேன். வழக்கமாக என் பத்திரிகைக்கு முன்வரிசையில் உட்காரும் வண்டிக்காரர் ஒருவர், மாட்டுக்கு வைக்கோல் போட்டபடி குரல் கொடுத்தார்.

"வாத்தியாரய்யா, ஒங்க ஜப்பான்காரன் எங்குட்டுப் போயிட்டான்? மாடு அவுத்துக்கிட்டு ஓடிருச்சாமா?"

எல்லோரும் சிரித்தார்கள். என் மகள் கடலில் இருப்பது அவர்களுக்குத் தெரியாது. நான் நின்று, "என் மக அந்தக் கடல்லதான் வந்துக்கிட்டிருக்கா" என்றேன். சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று. வண்டிக்காரர் கையிலிருந்த வைக்கோலைக் கீழே போட்டுவிட்டார்.

பள்ளிக்குப் போகாமல் வீட்டுக்குத் திரும்பினேன். அலமாரியிலிருந்து, உடன்படிக்கை வந்த பத்திரிகைத் துண்டை ஒட்டிவைத்திருந்த நோட்டை எடுத்தேன். மனைவி அடுப்படியிலிருந்து வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"அதுல என்ன போட்டிருக்குன்னு வாசிங்க. நீங்களாச் சேத்துச் சொல்லாம, இருக்கிறத அப்படியே வாசிங்க."

வாசித்தேன். ஒவ்வொரு சொல்லாகத் தமிழ்ப்படுத்தினேன். கிழக்கிலோ இந்தியாவிலோ தங்கள் உரிமைக்கு ஆபத்து வருவதாகத் தோன்றினால், இரண்டு அரசாங்கங்களும் ஒன்றுக்கொன்று எதையும் ஒளிக்காமல் கலந்து பேசி, என்ன செய்வதென்று யோசிப்பார்கள். அதுதான் முதல் பிரிவு.

"என்ன பேசுவாக?"

"கலந்து பேசுவாக."

அவள் நோட்டின் மேல் கை வைத்தாள். "நம்ம புள்ளைய முதல்ல பொண்ணு பாக்க வலையபட்டியில இருந்து வந்தாகளே, ஞாபகம் இருக்கா? பணியாரம் அம்புட்டையும் தின்னுட்டு, போறப்ப என்ன சொன்னாக?"

எனக்கு ஞாபகம் இருந்தது.

"கலந்து பேசிட்டுச் சொல்லியனுப்புறோம்னாக. அதுக்கு என்ன அர்த்தம்னு எழுதப் படிக்கத் தெரியாத எனக்கே அன்னைக்குத் தெரிஞ்சுச்சு. நீங்க தெனமும் வாசப்படியில நின்னு தபால்காரரப் பாத்தீக."

"இந்தா, ரெண்டாவது பிரிவு இருக்கு" என்றேன். "ஒருத்தர் மேல எவனாவது பாய்ஞ்சா மத்தவரு உடனே துணைக்கு வரணும்னு போட்டிருக்கு. உடனேன்னே போட்டிருக்கு."

"உடனேன்னா எம்புட்டு நேரம்?"

நோட்டை மூடினேன். இரண்டு பெரிய தேசங்கள் தங்களுக்காகச் செய்துகொண்ட ஏற்பாடு அது. அதில் என் மகள் எங்கே இருந்தாள்? அவளை உள்ளே எழுதியவன் நான்தான்.

"நான் நாகப்பட்டினம் போறேன்" என்றேன். "பினாங்குக் கப்பல் வர்ற வரைக்கும் அங்கனயே இருக்கேன். அவ இல்லாமத் திரும்ப மாட்டேன்."

மனைவி எழுந்து போய்ப் புளிச்சோறு கிளறினாள். தலைமையாசிரியருக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தனுப்பிவிட்டு வாசலுக்கு வந்தால், அதே வண்டிக்காரர் வண்டியைப் பூட்டி நிறுத்தியிருந்தார். எங்கள் ஊருக்கு ரயில் கிடையாது. அறந்தாங்கி ரயிலடி வரைக்கும் அவர் ஜப்பானைப் பற்றி வாயே திறக்கவில்லை. இறங்கும்போது மட்டும், "திரும்பி வாறப்ப ஆள் சொல்லிவிடுங்கய்யா. புள்ளத்தாச்சிக்கு வைக்கோல் மெத்தையாப் போட்டு வைக்கிறேன்" என்றார்.

நாகப்பட்டினத்தில் சத்திரத்தில் தங்கினேன். கப்பல் வரவேண்டிய நாளில் வரவில்லை. தினமும் காலையில் கப்பல் ஆபீஸ் திறக்குமுன் போய் நிற்பேன். குமாஸ்தா நல்ல மனிதர். மூன்றாம் நாள் அவரே என்னை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"ஜப்பான் கப்பல் ஏதாவது இந்தப் பக்கம் காவலுக்கு வந்திருக்கிறதா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் கண்ணுக்கெட்டாத தூரத்துல சார். எங்க கேப்டனுங்க விளக்கை அணைச்சிட்டு அவங்கவங்க சாமர்த்தியத்துலதான் வர்றாங்க." பிறகு குரலைத் தாழ்த்தினார். "அந்த ஜெர்மன்காரன் பெரிய கில்லாடியாம். அவன் கப்பலுக்குப் புகைபோக்கி மூணுதானாம். வேற நாட்டுக் கப்பல்னு எல்லாரும் நினைக்கட்டும்னு துணியில நாலாவது ஒண்ணு செஞ்சு வச்சிருக்கானாம்."

ஐந்தாம் நாள் கப்பல் வந்தது. வழியில் ஒரு துறைமுகத்தில் ஒதுங்கி நின்றுவிட்டு வந்ததாம். தூரத்தில் நங்கூரம் போட்டதும் படகுகள் போயின. மூன்றாவது படகில் என் மகள் இருந்தாள். முகம் கறுத்திருந்தது. கால்கள் வீங்கியிருந்தன. என்னைக் கண்டதும் சிரித்தாள். நான் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்ததை அவள் சொல்லித்தான் கவனித்தேன்.

அறந்தாங்கியில் இறங்கி வண்டியில் வரும்போது அவள் மடியிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தாள். என் மூன்று பக்கக் கடிதம். மடிப்புகள் கிழிந்திருந்தன.

"அய்யா, இதத்தான் கப்பல்ல எல்லாருக்கும் வாசிச்சுக் காமிச்சேன். பொம்பளைகள்லாம் ஒரே அழுகை. எங்க அய்யா வாத்தியாரு, அவருக்குத் தெரியும், ஜப்பான்காரன் காவலுக்கு இருக்கான்னு சொன்னேன். அதுக்கப்பறந்தான் சோறே இறங்குச்சு அவுகளுக்கு."

நான் மாட்டின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஒருநா விடியக்காலம் கண்ணாலயே பாத்தோம்யா. பெரிய கப்பல். நாலு புகைபோக்கி, நானே எண்ணுனேன். கொஞ்ச நேரம் எங்க பக்கமாத் திரும்பி வந்துச்சு. நான்தான் ஜப்பான்காரன், ஜப்பான்காரன்னு கத்துனேன். எல்லாரும் கையெடுத்துக் கும்பிட்டாக. ஒரு ஆச்சி முந்தானைய வீசிக் காமிச்சாக. அப்பறம் தெக்குப் பக்கமாப் போயிருச்சு. அது ஜப்பான் கப்பல்தானேய்யா?"

வண்டிக்காரர் மாட்டை அதட்டுவதை நிறுத்தியிருந்தார். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். களைத்து வந்த பிள்ளை, வயிற்றில் குழந்தை. ஆனால் அப்படி ஒரு 'ஆமாம்' எழுதித்தான் அவளைக் கடலில் ஏற்றியிருந்தேன்.

"தெரியலை ஆத்தா" என்றேன். "அந்தக் கடுதாசியில நான் எழுதுனதும் தெரிஞ்சு எழுதுனதில்ல."

அவளுக்கு விளங்கச் சிறிது நேரம் பிடித்தது. பிறகு கடிதத்தை நான்காக மடித்து என் கையில் கொடுத்தாள். தொலைவில் குன்றக்குடி மலை தெரிந்தது. மலையைக் கண்டதும் கும்பிட்டாள். நானும் கும்பிட்டேன். அந்தக் கப்பல் யாருடையது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. விடிகாலையில் விழிப்பு வந்தால் நான் எண்ணுவது அந்த நாலு புகைபோக்கிகளைத்தான்.

பேத்தி பிறந்து ஆறு மாதம் கழித்து, தாயையும் பிள்ளையையும் பினாங்குக்குத் திருப்பி அனுப்பும் பேச்சு வந்தது. மனைவி கேட்டாள், "இந்தத் தடவை என்ன செய்யப் போறீக?"

"தலைமையாசிரியரக் கலந்து பேசிட்டு..." என்று தொடங்கினேன். அவள் பார்த்த பார்வையில் வாக்கியத்தை மாற்றினேன். "நான் கூடப் போறேன்."

லீவு தரவில்லை. சம்பளம் இல்லாமல் போனேன். குளத்தில்கூட நீந்தத் தெரியாத நான், பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு மேல்தட்டில் உட்கார்ந்திருந்தேன். நான்காம் நாள் தொலைவில் ஒரு புகைக்கோடு தெரிந்தது. பெண்கள் எழுந்து நின்றார்கள். என் மகள் கப்பலைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

"அய்யா, நீங்க படிச்சவுகளாத் தெரியுது" என்றாள் பக்கத்தில் நின்ற ஓர் அம்மாள். "அது எந்த ஊருக் கப்பலு?"

"தெரியலைம்மா" என்றேன். "வாங்க, இங்கன உக்காருங்க. எல்லாருமாப் பாத்துக்கிட்டிருப்போம்."

மகள் நகர்ந்து அந்த அம்மாளுக்கு இடம் விட்டாள்.